யாழ்ப்பாணத்தில் நாய்க்கு மைக்ரோசிப்: ஊசியும் பதிவேடும்

இம்முறை ஊருக்குப் போனபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட காரியங்களுள் ஒன்று, கொக்குவிலில் இருக்கும் அக்காவின் நாய்க்கு மைக்ரோசிப், அதாவது அடையாள எண் கொண்ட சிறு மின்னணுத் துண்டு, பொருத்துவிப்பது. அக்கா இலண்டனில் உள்ள மகளிடம் வந்து தங்கவிருக்கிறார். ஜிம்மியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

நகரை அண்டிய ஒரு தனியார் மிருக வைத்திய நிலையத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனோம். வைத்தியர் முதலில் வாசிப்புக் கருவியைக் கழுத்திலிருந்து முன்னங்கால் வரை நகர்த்தி, உடலில் ஏற்கனவே சிப் எதுவும் இல்லை என்று உறுதிசெய்தார். சிப் சில வேளைகளில் இடம் நகர்ந்துவிடும் என்பதால் இவ்வாறு பரவலாகத் தேடுவதே முறை. பிறகு, நெல்மணி அளவுள்ள அந்தச் சில்லைச் சற்றுத் தடித்த ஊசியால் தோள்பட்டைகளுக்கு இடையே தோலின் கீழ் செலுத்தி, மறுபடியும் வாசித்துக் காட்டினார். ஜிம்மி ஒருமுறை முனகியதோடு சரி.

அக்கா உட்படப் பலர் நினைப்பதுபோல் அது நாய் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி அன்று. அதில் மின்கலம் இல்லை. கருவியை அருகே கொண்டுசென்றால் மட்டுமே 15 இலக்க எண்ணொன்றைச் சொல்லும். ஜிம்மியின் எண் 9 இல் தொடங்குகிறது. அவ்வாறு தொடங்கும் எண்களின் முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிப்பவை, வளர்ப்பவரைக் குறிப்பவை அல்ல. வளர்ப்பவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேறொரு பதிவேட்டில்தான் இருக்க வேண்டும்.

எனக்குக் குறை தோன்றியது அந்தப் பதிவேட்டு வேலையில்தான். வைத்தியரின் கை நேர்த்தியானது. ஆனால் உதவியாளர் தடுப்பூசி அட்டையில் எண்ணைக் கையால் எழுதியபோது ஓர் இலக்கம் மாறிவிட்டது. சிப்போடு வந்த கோட்டுக்குறி ஒட்டியை எடுத்து அட்டையில் ஒட்டும்படியும், மற்றொன்றை அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில் ஒட்டும்படியும் கேட்டேன். முகம் கோணாமல் செய்துகொடுத்தார்கள். தொடர்பு இலக்கம் கேட்கப்பட்டதும் அக்கா என்னுடைய இலண்டன் இலக்கத்தைச் சொன்னார். வெளிநாட்டு இலக்கம் என்றால் எங்கும் ஒரு மதிப்புத்தான்! நாய் ஒழுங்கை தவறிக் கோண்டாவில் பக்கம் நின்றால், நள்ளிரவில் இலண்டனில் உறங்குகிறவனை அழைத்து என்ன பயன்? அக்காவின் கைபேசி இலக்கத்தையும், பக்கத்து வீட்டாரின் சம்மதத்தோடு அவர்களுடைய இலக்கத்தையும் கொடுத்தோம்.

நாயோடு பயணம் செய்ய எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒழுங்குமுறை. பிரித்தானியாவுக்குக் கொண்டுவரும் நாய்க்குச் சிப் பொருத்திய பின்னரோ, அதே வேளையிலோ போடப்பட்ட விசர்நாய்த் தடுப்பூசியே கணக்கில் எடுக்கப்படும். எனவே சென்ற ஆண்டு போட்ட ஊசி ஜிம்மிக்குப் பயன்படவில்லை. அன்றே புதிதாகப் போடப்பட்டது. இலங்கையிலிருந்து வருவதற்கு, அந்த ஊசிக்குக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதைக் காட்டி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். குறுகிய விடுமுறையில் வந்து நாயையும் கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்ற எண்ணம் சரிவராது.

பிரித்தானியாவில் நாய்களுக்குச் சிப் 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இங்கிலாந்தில் பூனைகளுக்கும் 2024 யூன் முதல் அவ்வாறே. விபரங்கள் பழையனவாக இருந்தாலும் சட்டப்படி குறைதான்; திருத்தக் கொடுக்கும் தவணைக்குள் திருத்தாவிட்டால் 500 பவுண் வரை தண்டம் வரலாம். பதிவேடுகளை நடத்தும் நிறுவனங்கள் பல என்பதால், எந்த நிறுவனத்தில் பதிந்தோம் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்கான திகதியை அக்கா நாட்காட்டியில் எழுதியிருக்கிறார். இலண்டன் வந்ததும் அதே எண்ணை அங்குள்ள பதிவேடொன்றில் மகளின் முகவரியோடு சேர்ப்பது என் வேலை. கொக்குவில் இலக்கங்களை நீக்கும்படி யாழ்ப்பாண வைத்திய நிலையத்துக்குச் சொல்வதை அக்கா ஏற்றுக்கொண்டார்.