அதிர்வைக் குறைக்க எந்த மருந்து? கைத்துப்பாக்கிப் பொடிகளில் ஓர் அலசல்

கூரை போட்ட துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்துத் தடுப்பில் ஒருவர் .357 மேக்னம் தோட்டாவைச் சுட ஆரம்பித்தால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். காதை மூடியிருந்தாலும் நெஞ்சில் வந்து இடிக்கும். அதே ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டால் 'டொப்'போடு சரி. துப்பாக்கி மாறவில்லை, உள்ளே எரியும் மருந்துதான் மாறியது.

அமெரிக்காவில் சுட்டு முடித்த கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு மேசையிலேயே புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு வைத்துத் திரும்ப அடைக்கிறவர்கள் ஏராளம். ரீலோடிங் என்பார்கள். கடை அலமாரியில் டஜன் கணக்கில் மருந்து டப்பாக்கள் இருக்கும். அதிர்வு (கையை உதைப்பதல்ல, குழல்வாயிலிருந்து வந்து காதிலும் நெஞ்சிலும் இடிப்பது) குறையவேண்டும் என்றால் எதை எடுப்பது?

குண்டு குழல்வாயைத் தாண்டும் கணத்தில் பின்னால் மிச்சமிருக்கும் அழுத்தம்தான் அதிர்வாக வெளியே வருகிறது. ஆவி அடங்கிய குக்கரைத் திறப்பதற்கும், ஆவி இருக்கும்போதே மூடியை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வேகமாக எரியும் மருந்தில் அழுத்தம் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய்விடும். குண்டு வாயருகே வரும்போது தளர்ந்திருக்கும். கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால் வாயுவும் குறைவு. மெதுவாக எரியும் மருந்தை நிறையப் போடவேண்டும். குண்டுக்கு வேகம் கிடைக்கும், ஆனால் வாய் வரை அழுத்தம் கூடவே வரும்.

எவ்வளவு வித்தியாசம்? மருந்தை கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், கிட்டத்தட்ட அரைக் குன்றிமணி எடை. இலக்குப் பயிற்சிக்கான .38 ஸ்பெஷலில் புல்ஸ்ஐ மருந்து ஏறக்குறைய 3 கிரெயின், முழு பலமுள்ள .357 மேக்னத்தில் எச்-110 மருந்து 15 கிரெயின் அளவில். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் என்பதால் முதலாவதில் 2,000 தோட்டாக்களுக்கு மேல் வரும், இரண்டாவதில் 500கூடத் தேறாது. (இவை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அடைக்கும் அளவை மருந்துக் கம்பெனியின் கையேட்டில்தான் பார்க்கவேண்டும்.)

வேகமான பக்கத்தில் புல்ஸ்ஐ, டைட்குரூப், வின்செஸ்டர் 231 மூன்றும் நிற்கின்றன. புல்ஸ்ஐ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்ட கிழம்; இன்றும் மென்மையாகச் சுடுகிறது, ஆனால் கரி அதிகம். டைட்குரூப் சிக்கனமானது, பெரிய கூட்டின் அடியில் சிறிதளவு கிடந்தாலும் சீராக எரியும். ஆனால் சூடு அதிகம். ஈயக் குண்டு போட்டால் புகையும் வரும்.

இந்த இரண்டிலும் எனக்குப் பயம் வேறு. .38 ஸ்பெஷல் கூடு கரிமருந்துக் காலத்து நீளம் கொண்டது. அதில் இந்த மருந்து இரண்டு முறை விழுந்தாலும் நிரம்பி வழியாது, கவனிக்காமல் குண்டை வைத்து மூடிவிடலாம். அந்தத் தோட்டாவின் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே 17,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). இரட்டைப் பங்கு மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடலாம். அதனால் புதியவர்களுக்கு நான் காட்டுவது வின்செஸ்டர் 231. சற்றே மெதுவானது, கொஞ்சம் கூடுதலாகப் போடவேண்டும் என்பதால் இரட்டைப் பங்கு விழுந்தால் சற்று எளிதாகக் கண்ணில் படும் (ஆனாலும் பார்க்காமல் மூடக்கூடாது), அதிர்வில் பெரிய வித்தியாசம் தெரியாது. எச்பி-38 என்ற பெயரில் ஹாட்ஜ்டன் விற்பதும் இதே மருந்துதான், விலை குறைந்ததை வாங்குங்கள். பின்லாந்திலிருந்து வரும் விஹ்தாவூரி என்-320 சுத்தமாக எரியும், நைட்ரோகிளிசரின் கலக்காதது. போட்டிக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. விலைதான் இடிக்கும்.

வெளிச்சம் தனிக் கதை. குழல்வாயில் தெரியும் நெருப்புப் பந்தை எரியாத மருந்து வெளியே வந்து எரிவது என்றே பலரும் நினைக்கிறார்கள். மருந்தில் பெரும்பகுதி உள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். வெளியே வரும் சூடான வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்ததும் அவை திரும்பப் பற்றிக்கொள்கின்றன. சில மருந்துகளில் இதை அடக்கப் பொட்டாசியம் உப்புகளைச் சேர்க்கிறார்கள். எரியும் வேகம் ஒன்றாகவே இருந்தாலும் ஒரு மருந்து பளிச்சிடவும் இன்னொன்று அடங்கியிருக்கவும் இதுதான் காரணம்.

9 மி.மீ.யில் முழு வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பவர் பிஸ்டல் என்ற மருந்து நல்ல வேகம் கொடுக்கும், ஆனால் அதன் சத்தமும் வெளிச்சமும் பிரசித்தம். அதே அலையன்ட் கம்பெனியின் பிஇ-86 ஏறக்குறைய அதே வேகத்தில் எரிந்து, வெளிச்சத்தை அடக்கும் பொருளும் கலந்து வருகிறது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் பவர் பிஸ்டலை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மேக்னத்தில் சமரசம் எளிதல்ல. எச்-110 (வின்செஸ்டர் 296 என்பதும் இதுவே) முழுசாக அடைத்தால்தான் ஒழுங்காக எரியும். 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அதிர்வு தாங்கவில்லை என்று இதன் அளவைக் குறைப்பது ஆபத்து: பாதி எரிந்து குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளலாம், அடுத்த குண்டு அதில் போய் மோதும். 2400 என்ற மருந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும். 2 அங்குலக் குழல் என்றால் இரண்டுமே வேண்டாம். யுனிக் என்ற மருந்தோ 231ஓ போட்டு நடுத்தர வேகத்தில் சுடுவது மேல். வேகத்தில் இழப்பு உண்டுதான், ஆனால் காகித இலக்குக்கு அது தெரியவா போகிறது?

இவ்வளவு செய்தும் கைத்துப்பாக்கியின் சத்தம் 140 டெசிபலுக்குக் கீழே இறங்காது. மருந்து மாற்றியதற்காகக் காது மூடியைக் கழற்றிவிடக் கூடாது. கூரைக்குக் கீழே என்றால் உள்ளே அடைப்பானும் மேலே மூடியும் சேர்த்தே வேண்டும்.

இதற்கு நேரெதிராக அதிர்வைத் தேடிப்போய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் போட்டிச் சங்கம்) ஓப்பன் பிரிவுப் போட்டிக்காரர்கள் குழல்வாயில் காம்பன்சேட்டர் மாட்டியிருப்பார்கள். வாயு மேல்நோக்கிப் பீறிட்டுத் துப்பாக்கி எகிறாமல் அழுத்திப் பிடிக்கும். அதற்கு வாயு நிறைய வேண்டும் என்பதால் மெதுவான மருந்தையே தேடுவார்கள். சுடுகிறவருக்குத் துப்பாக்கி அசையாது. பீறிடுவதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்கு. அப்படி ஒருவருக்கு அடுத்த தடுப்பு உங்களுக்கு வாய்த்தால், கூச்சப்படாமல் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.