முதல் இனிப்பு ஒயின்: மொஸ்காட்டோவா, ரீஸ்லிங்கா, போர்ட்டா?

ஒயின் குடித்தே பழகாத தோழி ஒருத்திக்கு நான் முதன்முதலில் ஊற்றிக் கொடுத்தது போர்ட். இனிப்பாகத்தானே கேட்டாள், இதைவிட இனிப்பு எது என்று நினைத்தேன். முதல் வாய்க்குக் கண் விரிந்தது. இரண்டாவது வாய்க்குத் தொண்டை எரிந்தது. "இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டாள்.

போர்ட் மோசமான ஒயின் இல்லை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், சாறு பாதி நொதித்த நிலையிலேயே திராட்சையிலிருந்து வடித்த ஸ்பிரிட்டை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவார்கள். ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை அப்படியே தங்கும், ஆல்கஹாலோ 20 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும். அந்த இனிப்பு ஆல்கஹாலை மறைத்துவிடும் என்பதுதான் புதியவருக்கு ஆபத்து. பழகிய பிறகு, சின்ன கிளாஸில், மெதுவாகக் குடிக்க வேண்டியது இது.

இதற்கு நேர் எதிர், இத்தாலியின் வடமேற்கிலிருந்து வரும் மொஸ்காட்டோ தாஸ்தி. இங்கேயும் நொதித்தலைப் பாதியில் நிறுத்துகிறார்கள், ஆனால் ஸ்பிரிட் ஊற்றி அல்ல, குளிரவைத்து. அதனால் ஆல்கஹால் 5 சதவீதம் அளவிலேயே நின்றுவிடுகிறது. நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும் நுரை, பீச் பழமும் ஆரஞ்சுப் பூவும் கலந்த வாசனை. பொதுவாக ஒயினில் திராட்சையின் வாசனையே இருக்காது. ஆனால் மொஸ்காட்டோ செய்யப்படும் மஸ்கட் திராட்சையின் ஒயினில் பழத்தைக் கடித்த மாதிரியே இருக்கும். புதியவருக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். வைத்து வைத்துப் பழுக்க வேண்டிய ஒயின் இல்லை, புதிய வருடத்துப் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். திறந்தால் அன்றே முடித்துவிடுவது நல்லது, நுரை போய்விட்டால் வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சிவப்புதான் வேண்டும் என்பவருக்கு இதே இயல்பில் பிராக்கெட்டோ தாக்வி இருக்கிறது.

சரி, ரீஸ்லிங்? என் மனது இதன் பக்கம்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்துப் பாருங்கள், பாதியிலேயே திகட்டும். அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் முழு டம்ளரும் இறங்கிவிடும். சர்க்கரை குறையவில்லை, புளிப்பு வந்து அதைத் தாங்கிக்கொண்டது. ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் அந்தப் புளிப்பு இயல்பாகவே உண்டு. மொஸ்காட்டோ இரண்டாவது கிளாஸில் சலிக்கலாம், இது சலிக்காது.

ஆனால் வாங்குவதில் ஒரு சிக்கல். கபினெட், ஷ்பேட்லேஸ், அவுஸ்லேஸ் என்று லேபிளில் இருப்பவை பறிக்கும்போது பழம் எவ்வளவு கனிந்திருந்தது என்பதைச் சொல்பவை, பாட்டிலுக்குள் இருக்கும் இனிப்பை அல்ல. கூடவே 'ட்ராக்கன்' என்று இருந்தால் அது இனிப்பே இல்லாத ஒயின். எளிய வழி, ஆல்கஹால் அளவைப் பார்ப்பது: 7 முதல் 9 சதவீதம் என்றால் நொதிக்காத சர்க்கரை மிச்சமிருக்கிறது, இனிக்கும். 12-ஐத் தாண்டினால் பெரும்பாலும் இனிக்காது. 'பழச்சுவை' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், பழ வாசனை வேறு, இனிப்பு வேறு.

சொதெர்ன், டோக்காய், ஐஸ் ஒயின் போன்ற இனிப்பு ஒயின்கள் எல்லாம் அருமையானவை, ஆனால் தேன் போல அடர்த்தியானவை. முதல் பாட்டிலாக வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் நாள் மொஸ்காட்டோ, அது பிடித்துப்போனால் அடுத்தது 'ட்ராக்கன்' என்று போடாத ஷ்பேட்லேஸ் ரீஸ்லிங். எதுவானாலும் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வெதுவெதுப்பானால் இனிப்பு மட்டும் மேலே வந்து நாக்கில் ஒட்டும்.