கோவை – உடுப்பி – ஆகும்பே: நான்கு தடவை காரில் போய்வந்த அனுபவம்

2019-லிருந்து நான்கு முறை இதே வழியில் குடும்பத்தோடு போய்வந்துவிட்டோம். கோவையில் கிளம்பி அன்னூர், புளியம்பட்டி, பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூரு, அங்கிருந்து மடிக்கேரி, மங்களூரு, உடுப்பி. திரும்பும்போது ஆகும்பே, சிருங்கேரி, சிக்மகளூரு. நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். போக மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல் வரும், ஆனால் இந்த வழியில் கிலோமீட்டர் கணக்குக்கு மதிப்பே கிடையாது. எந்தக் கேட் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், எந்த மலை ஏறும்போது வெளிச்சம் இருக்கும், இந்த இரண்டையும் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

இது எங்களுக்கு 2022 மே மாதத்தில்தான் புரிந்தது. வேலை முடிந்து சாயங்காலம் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, பண்ணாரி சோதனைச்சாவடிக்குப் போனபோது மணி 9.20. கேட் சாத்திவிட்டார்கள். இரவில் வண்டி மோதி விலங்குகள் சாவதைத் தடுக்க, உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்த வருடம் பிப்ரவரியிலேயே கட்டுப்பாடு வந்திருக்கிறது: கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை, லாரிகளுக்கு மாலை 6 முதலே. கிளம்பும் முன் பார்க்காதது எங்கள் தவறுதான். சத்தியமங்கலத்துக்குத் திரும்பி, இருந்த ஒரு லாட்ஜில் தங்கினோம், அம்மா இரவு முழுக்கக் கொசு விரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன். 2023-இல் ஆசனூர் தாண்டியதும் ஒரு பெண் யானை குட்டியோடு சாலையைக் கடந்தது, எல்லா வண்டிகளும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ராத்திரியில் வேகமாக வரும் வண்டி அங்கே என்ன செய்திருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, காலை 6 மணிக்கே போய் நிற்காதீர்கள். இரவெல்லாம் காத்திருந்த லாரிகள் மொத்தமாக மேலே ஏறும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருக்கும். நாங்கள் இப்போது எட்டரை மணி வாக்கில்தான் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறோம். பிள்ளைகளுக்கு மலை ஏறும் முன் இட்லி மட்டும், அதுவும் ஒரு மணி நேரம் முன்னால். முதல் பயணத்தில் பூரி வாங்கிக் கொடுத்து ஒன்பதாவது வளைவிலேயே வண்டியைக் கழுவும்படி ஆயிற்று.

ஊட்டி, முதுமலை வழியாகப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், பந்திப்பூரிலும் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள்.

மடிக்கேரியில் ஒரு இரவு போதும். அங்கிருந்து சம்பாஜே வழியாக மங்களூருக்கு இறங்கும் சாலை அழகு, ஆனால் 2018 ஆகஸ்ட்டில் மண்சரிவால் அந்தச் சாலையே மூடிக் கிடந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வராது. அந்த மாதங்களில் உடுப்பி பக்கத்து மல்பே கடற்கரையிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகும் ஓடாது. அந்தத் தீவை விட்டுவிடக் கூடாது. மடகாஸ்கர் இந்தியாவோடு ஒட்டியிருந்த காலத்து எரிமலைக் குழம்பு ஆறி, தூண் தூணாக நிற்கிறது. என் பெரியவள் ஒவ்வொரு தூணுக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள், படகுக்காரர் கூப்பிட்டும் வரவில்லை.

அப்புறம் மரவந்தே. உடுப்பிக்கு வடக்கே 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் சாலை. காரிலேயே கடந்து போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படிப் போகாதீர்கள். ஓரமாக, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கி உட்காருங்கள். கடலில் மட்டும் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். முழங்கால் வலியால் எந்த இடத்திலும் இறங்க யோசிக்கும் அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் உடுப்பியில் மூன்று இரவு என்று மாற்றினோம். ஒரே அறை, தரைத்தளம். தினமும் பெட்டி கட்டும் வேலை இல்லை, காலையில் நீர் தோசை, சாயங்காலம் கோலி பஜே என்ற மைதா போண்டா.

டோல் பற்றி: ஹெஜமாடி, சாஸ்தான என்று கடற்கரையோரம் வரிசையாக வரும். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட்டில் வந்தபோது 3000 ரூபாய்க்கு 200 முறை, சொந்தக் காருக்கு மட்டும். நாங்கள் அடிக்கடி பெங்களூருக்கும் போவதால் எங்களுக்குக் கட்டுப்படியானது, வருடத்துக்கு ஒரே பயணம் போகிறவர்களுக்குத் தேவையில்லை. மாநிலச் சாலை டோலில் வழக்கம்போல் பணம் கழியும்.

ஆகும்பே மலைக்கு 14 வளைவுகள். ஹெப்ரியிலேயே டேங்க் நிரப்பி, மேப்பையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள், சிக்னல் அடிக்கடி போகும். வளைவுகளில் குரங்குகள் வண்டி மேல் ஏறும், கண்ணாடியை ஏற்றி வையுங்கள், தின்ன எதுவும் போடாதீர்கள். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இருட்டில் இறங்குவதை விட்டுவிட்டு, மேலேயே தங்கிக் காலையில் சிருங்கேரிக்குக் கிளம்புவதுதான் இப்போது எங்கள் வழக்கம். டிசம்பரிலும் அங்கே ராத்திரி குளிரும், அம்மாவுக்கு ஒரு கம்பளியைக் காரிலேயே வைத்திருக்கிறோம்.