கே அண்ட் என் பேனல் ஃபில்டர்: மாட்டினால் ரீமேப் வேண்டுமா?

கம்பெனி காகித ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதே ஏர் பாக்ஸில் கே அண்ட் என் பிராண்டின் தட்டையான சிவப்புப் பருத்தி ஃபில்டரை (பேனல் ஃபில்டர்) வைப்பதோடு சரி என்றால் ரீமேப்புக்கு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள் அளவுகளை மாற்றி எழுதுவதற்கு, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பவரும் உணரும் அளவுக்குக் கூடிவிடாது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காற்று உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். 'பிக்கப் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது' என்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள்.

காற்று கூடுதலாக வந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் (MAF) சென்சார் அதை அளந்து சொல்லிவிடும், ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டும். மிச்சம் மீதியை, புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துச் சரிக்கட்டும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் (MAP) சென்சார் வண்டிகளிலும் இதே கதைதான். டர்போ வண்டியில் பூஸ்ட் அளவை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை) ஈசியூவே கட்டுப்படுத்துவதால், ரீமேப் செய்யாதவரை ஃபில்டரால் பெரிய லாபம் இல்லை.

சிக்கல், ஏர் பாக்ஸையே எடுத்துவிட்டுப் பெரிய குழாயோடு மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர் செட்டில் (கோன் கிட்). மாஃப் சென்சார் தன் முன்னால் போகும் காற்றை மட்டும் பார்த்து மொத்தத்தையும் கணக்கிடுகிறது. சென்சார் உட்காரும் இடத்தில் உள்விட்டம் 60 மி.மீ.யிலிருந்து 70 ஆனால் குழாயின் பரப்பு 36 சதவீதம் கூடும், காற்றின் வேகம் குறையும். உள்ளே போகும் காற்றில் ஏறக்குறைய கால் பங்கு கணக்கிலேயே வராது. கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. மெதுவாக ஓட்டும்போது ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) இழுத்துப் பிடிக்கும். பல வண்டிகளில் அதன் எல்லையே 25 சதவீதம்தான். தாண்டினால் பி0171 (கலவை லீன்) கோடோடு செக் என்ஜின் லைட் எரியும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஆக்ஸிஜன் சென்சாரின் உடனடித் திருத்தமும் கிடையாது: முதலில் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்), பிறகு பிஸ்டனே கெடும். இங்கே ரீமேப் கட்டாயம். கிட்டை வாங்கும் முன் பழைய, புதிய இரண்டு குழாய்களின் உள்விட்டத்தையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். ரீமேப் செய்யும் ட்யூனர், கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை மாட்டாமல், மாஃப் ஸ்கேலிங்கை (மாஃப் சிக்னலைக் காற்றளவாக மாற்றும் கணக்கை) தொடாமல் 'எல்லாம் ஓகே' என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று வெப்பம். மறைப்பில்லாத கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். 40 டிகிரி காற்று 60 ஆனால் அடர்த்தி 6 சதவீதம் போச்சு. காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொள்வது இதுதான்.

எதை மாட்டினாலும் முன்னும் பின்னும் ஓபிடி டாங்கிளில் (வண்டியின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகி, அளவுகளை மொபைலில் காட்டும் கருவி) லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மைப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. பத்தைத் தாண்டிவிட்டால் முதலில் கிளாம்ப் தளர்வு, குழாய் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் ட்யூனிங்.

பேனல் ஃபில்டரின் உண்மையான லாபம், கழுவித் திரும்பப் போடலாம் என்பதே. கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். காய்வது நிழலில், தானாக; கம்ப்ரஸர் காற்று அடித்தால் பருத்தி கிழியும். எண்ணெய் ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய ஒரு கோடு போதும். 20 நிமிடம் கழித்து வெளுத்துத் தெரியும் இடத்தில் மட்டும் இன்னொரு தொடுதல். அளவு மிஞ்சினால் மாஃப் கம்பியில் எண்ணெய் படிந்து அளவு தப்பும். அப்போதும் ரீமேப் கடைக்கு ஓடாதீர்கள். மாஃப் கிளீனர் ஸ்ப்ரே போதும், கார்புரேட்டர் கிளீனர் மட்டும் வேண்டாம்.

புழுதி ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு நம் ஓட்டு காகித ஃபில்டருக்கே. நுண்தூசியைப் பிடிப்பதில் அதுதான் கெட்டி.