கோத்தகிரி மழையும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும்

கோத்தகிரியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து குரல் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் மழை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு எந்த இன்டர்ஃபேஸும் உதவாது. மற்றபடி நான் வாங்கிய இந்த இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி, நன்றாகவே உழைக்கிறது. யூஎஸ்பி வழியாக லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் பதிவு பாதியில் நிற்பதில்லை.

படுத்தியது அதோடு வரும் மிக்சர் மென்பொருள்தான். முதல் நாள் பேசினால் ஹெட்போனில் என் குரல் இரண்டு தடவை கேட்டது, எதிர்மலையைப் பார்த்துக் கத்தினால் திரும்பி வருமே, அந்த மாதிரி. மைக்கைத் திட்டி, கேபிளை மாற்றி, ஒரு சாயங்காலமே போனது. கடைசியில் பார்த்தால் மிக்சரில் டைரக்ட் மானிட்டர், அதாவது மைக் சத்தத்தை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி, ஆனில் இருக்கிறது, அதே குரலைச் சற்றுத் தாமதமாகத் திருப்பி அனுப்பும் ரெக்கார்டிங் மென்பொருளிலும் மானிட்டர் பொத்தான் எரிகிறது. ஒன்றை அணைத்தேன், சரியாகிவிட்டது. மேனுவலில் இதற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அப்புறம், இதில் மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினால் காதில் விழுவதுதான் குறையும், பதிவாவது குறையாது. அதற்குப் பெட்டியின் முன்னால் இருக்கும் கெயின் குமிழைத்தான் திருக வேண்டும். சத்தமாகப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போடும் முன் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், டொப்பென்று காதில் அறையும்.

பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டுகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 128இல் வைத்தால் என் பழைய லேப்டாப் கரகரக்கிறது. 256 வைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அது 5 மில்லி செகண்டு சொச்சம் தாமதம்தான், நிம்மதியாக ஓடுகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.