கருத்துக் கேட்பதா, வாக்குக் கொடுப்பதா? இங்கிலாந்தும் பிரேசிலும்

ஓர் ஊரில் பிரசவ வார்டு தொடர வேண்டுமா, அவசர சிகிச்சைப் பிரிவைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாமா, மனநல சேவையை யாரிடம் ஒப்படைப்பது, அதற்கு எவ்வளவு பணம்? வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் தரும் நாடுகளில் இந்த முடிவுகள் பெரும்பாலும் அதிகாரிகள் கையில்தான் இருக்கின்றன. நோயாளிக்கும் பொதுமக்களுக்கும் இதில் இடம் உண்டு என்று இங்கிலாந்திலும் சட்டம் இருக்கிறது, பிரேசிலிலும் இருக்கிறது. முன்னது கருத்துக் கேட்கிறது. பின்னது வாக்குக் கொடுக்கிறது. நான் பிரேசில் பக்கம்.

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனப்படும் பொது மருத்துவ அமைப்பின் பணத்தைக் கொண்டு வட்டாரத்துக்கு வேண்டிய சேவைகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு 2022 ஜூலையில் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடம் வந்தது. திட்டமிடும்போது மக்களை ஈடுபடுத்துவது அவற்றின் சட்டக் கடமை. ஆனால் அந்தச் சட்டப் பிரிவைப் படித்துப் பாருங்கள்: கருத்துக் கேட்டோ, தகவல் தந்தோ, வேறு வழியிலோ ஈடுபடுத்தலாம் என்கிறது. தகவல் சொல்வதும் கணக்கில் சேர்த்திதான். பெரிய மாற்றம் என்றால் அறிக்கை, கேள்வித்தாள், கூட்டம் என்று முறைப்படி கருத்துக் கேட்பார்கள். திட்டம் உருவாகும்போதே கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அவகாசம் தர வேண்டும், வந்த பதிலை மனதார எடைபோட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு வழக்கிலிருந்து வந்த நான்கு நெறிகளை நீதிமன்றங்கள் இன்றும் பார்க்கின்றன. நல்ல நெறிகள். ஆனால் எடைபோட்டபின் மக்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

அந்த உரிமை எவ்வளவு பெரியது என்று கிடர்மின்ஸ்டர் நகரத்தைக் கேட்டால் சொல்லும். 2000-இல் ஊரே எதிர்த்தும் அங்கிருந்த மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்பட்டது. நெஞ்சுவலி வந்தால் ஏறக்குறைய 15 மைல் தள்ளி வூஸ்டர் போக வேண்டிய நிலை. அந்த மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் ரிச்சர்ட் டெய்லர் 2001 பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஆளும் தொழிற்கட்சியின் இளநிலை அமைச்சரை 17,630 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2005-இலும் வென்றார். முழு அவசர சிகிச்சைப் பிரிவு திரும்பி வரவே இல்லை. ஓர் ஊர் இதைவிட உரக்க எப்படிச் சொல்லும்?

பிரேசிலில் ராணுவ ஆட்சி முடிந்த மறு வருடம், 1986-இல், பிரசிலியாவில் கூடிய 8-வது தேசிய சுகாதார மாநாட்டுக்கு 4,000 பேருக்கு மேல் வந்தார்கள். அங்கே எழுந்த கோரிக்கை 1988 அரசியலமைப்பில் நுழைந்து, ‘சூஸ்’ எனப்படும் பொது மருத்துவ அமைப்பானது. 1990-இன் 8,142-ஆம் சட்டம் நகராட்சி, மாநிலம், தேசம் என மூன்று மட்டத்திலும் சுகாதார மன்றங்களை வைத்தது. பாதி இடம் பயனாளிகளுக்கு. மீதிப் பாதிதான் ஊழியர்களுக்கும், நிர்வாகத்துக்கும், சேவை தருவோருக்கும். மன்றம் அமைப்பது மத்திய அரசின் சுகாதாரப் பணத்தை நகராட்சி பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. திட்டமும் செலவுக் கணக்கும் மன்றத்தின் முன் வந்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்காக வந்தவர் ‘இன்சுலின் ஏன் தீர்ந்துபோனது’ என்று கேட்கும்போது, கணக்கை ஏற்பதா மறுப்பதா என்ற வாக்கும் அவரிடம் இருக்கிறது.

குறைகளும் நிறையவே உண்டு. சின்ன நகராட்சிகளில் மேயருக்கு வேண்டியவர்கள் பயனாளி நாற்காலியைப் பிடித்துவிடுகிறார்கள். மன்றத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாமல் நிர்வாகம் இழுத்தடிக்கலாம். உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. தினக்கூலிக்குப் போகிறவர் எத்தனை கூட்டத்துக்கு வருவார்? 2016-இல் அரசுச் செலவுக்கு உச்சவரம்பு போட்ட அரசியலமைப்புத் திருத்தத்தைத் தேசிய சுகாதார மன்றம் எதிர்த்தது, தடுக்க முடியவில்லை. ஆனாலும் தவறான ஆள் உட்கார்ந்த நாற்காலிக்காக அடுத்த முறை போட்டியிடலாம். கிடர்மின்ஸ்டர் மக்களுக்கு அந்த நாற்காலியே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இங்கிலாந்தின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். நோயாளிகளின் குறைகளைத் திரட்ட 2013-இல் தொடங்கிய ஹெல்த்வாட்ச் அமைப்பின் தொண்டர்கள் வார்டுக்குள்ளும் முதியோர் இல்லத்துக்குள்ளும் நேரில் போய்ப் பார்க்கலாம். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. சாப்பாட்டுத் தட்டு நோயாளியின் கைக்கு எட்டுகிறதா, மணியடித்தால் யாராவது வருகிறார்களா என்பதை எந்தக் கேள்வித்தாளும் காட்டாது. ஆனால் இந்த அமைப்புகளை அங்கே நிலைக்க விடுவதில்லை. 1974-இல் வந்த சமூக சுகாதார மன்றங்களை 2003-இல் கலைத்தார்கள், அடுத்து வந்ததை 2008-இல், அதற்கும் அடுத்ததை 2013-இல். ஹெல்த்வாட்சையும் ஒழிக்கப்போவதாக 2025-இல் அரசு அறிவித்துவிட்டது. ஊர்க்காரர்கள் வேலையைப் பழகித் தேறுவதற்குள் அமைப்பே போய்விடுகிறது.

உள்ளூர் ஹெல்த்வாட்சின் மருத்துவம் சார்ந்த வேலையை ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடமே கொடுப்பதுதான் அறிவித்த திட்டம். சேவையை ஏற்பாடு செய்கிறவரே அதைப் பற்றிய குறைகளையும் திரட்டுவார். இதை ஏற்க முடியாது. வாரியத்தில் வாக்குள்ள நோயாளிப் பிரதிநிதிகள் வேண்டும், வேலைக்குப் போகிறவரும் வரும்படி மாலைக் கூட்டமும் படித்தொகையும் வேண்டும். வார்டுக்குள் போய்ப் பார்க்கும் உரிமை வாரியத்துக்குக் கட்டுப்படாத ஊர்க்காரர்களிடமே இருக்க வேண்டும்.