பேப்பர் கேர் பிளானா, டிஜிட்டலா?

இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ் வார்டுகள்ல பேப்பர் கேர் பிளான்னா (நோயாளியை எப்படி கவனிக்கணும்னு நர்ஸ் எழுதுற திட்டம்) பல இடத்துல ரோப்பர்-லோகன்-டியர்னிங்கற நர்சிங் மாடல்தான், மூச்சு, சாப்பாடு, தூக்கம்னு 12 தலைப்பு, அச்சடிச்ச ஷீட்டுல பேரை எழுதி கையெழுத்து போட்டா முடிஞ்சுது, நாலு பெட்டுக்கும் ஒரே பிளான். ஆனா லாகின் தொல்லை கிடையாது, 2017 மே மாசம் ஃபைல்களைப் பூட்டி பணம் கேட்ட வானாக்ரை சைபர் அட்டாக்ல கம்ப்யூட்டர் படுத்தப்போ கை கொடுத்ததும் பேப்பர்தான்.

டிஜிட்டல்ல ஒழுங்கா பண்ணா நோயாளி தன்னைப் பத்தி சொல்ற 'அபவுட் மீ' பகுதி முன்னாடி வரும். டிமென்ஷியா (மறதி நோய்) இருக்குற ஒரு பாட்டி, டீல சர்க்கரை வேணாம், இடது காது கேக்காது, சாயங்காலம் ஆனா பதறுவாங்க, இதெல்லாம் அல்சைமர்ஸ் சொசைட்டிங்கற தொண்டு நிறுவனத்தோட 'திஸ் இஸ் மீ' தாள்லயும் குடும்பம் எழுதலாம்தான், ஆனா வார்டு மாறும்போது அந்தத் தாள் எங்க போச்சுன்னே தெரியாது, புது நர்ஸ் மொதல்லேர்ந்து கேப்பாங்க. டிஜிட்டல் ரெக்கார்டுல இருந்தா கூடவே போகும்.

அதுக்காக பழைய ஃபார்மையே டிராப்-டவுனா மாத்தி வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, காப்பி-பேஸ்ட் வேற, நேத்து ஷிஃப்ட்ல எழுதினதே இன்னிக்கும் நிக்கும். என் ஓட்டு டிஜிட்டலுக்குத்தான், ஆனா பேஷண்ட் பக்கத்துல உக்காந்து டேப்லெட்ல எழுதுற மாதிரி இருக்கணும், நர்ஸ் ஸ்டேஷன்ல முதுகைக் காட்டிட்டு டைப் அடிக்கிறதுன்னா பேப்பரே தேவலாம்.